கியர் தகராறு செய்யும் சைக்கிளும், டுல்லியோ காம்பன்யோலோ என்ற மனிதரும்

பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையில் ரோடு பைக் ஓட்டிக்கிட்டுப் போறீங்க. கீழே கிடந்த மட்டை தடுக்கி, வலது பக்கமா விழுந்துட்டீங்க. எழுந்து பார்த்தா சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அதுக்கப்புறம் கியர் ஒழுங்கா விழ மாட்டேங்குது.

பெரும்பாலும் காரணம் 'ஹேங்கர்' வளைந்திருப்பதுதான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கியர் மாற்றியைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு அது. பால்மரத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஓடிய ஒற்றைக் கியர் சைக்கிளில் இது கிடையாது. அப்படியானால் இது எப்படி வந்தது?

யார் இந்த காம்பன்யோலோ?

1901-ல் இத்தாலியின் விசென்சா நகரில் பிறந்தவர் டுல்லியோ காம்பன்யோலோ. அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. மகனுக்கோ சைக்கிள் பந்தயம்தான் உயிர்.

அந்தக் காலத்தில் கியர் மாற்ற, வீரர்கள் இறங்கிச் சக்கரத்தையே கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். 1920களில், பனி கொட்டிய ஒரு மலைப் பந்தயத்தில், விரல்கள் விறைத்துப்போய் அவரால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியவில்லை என்று ஒரு கதை உண்டு. ஒரே லிவரில் சக்கரத்தைக் கழற்றும் அமைப்பு அவர் பெயரோடு சேர்ந்தது அப்படித்தான். 1933-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

1948-ல் ஜீனோ பார்த்தாலி டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது இவருடைய கியரில்தான். ஆனால் அதில் கியர் மாற்ற, கையைப் பின்னால் நீட்டி ஒரு லிவரால் சக்கரத்தைத் தளர்த்தி, இன்னொன்றால் செயினை நகர்த்தி, பெடலைப் பின்னோக்கி மிதிக்கணும். ஓடும் சைக்கிளில் இதைச் செய்து பார்ப்பதை நினைச்சுப் பாருங்க!

1950களின் தொடக்கத்தில் வந்த 'கிரான் ஸ்போர்ட்' இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஸ்கூலில் படிச்ச இணைகரம் ஞாபகம் இருக்கா? அதே வடிவில் நான்கு மூட்டுகள் மடங்கி, செயினைப் பக்கவாட்டில் தள்ளும். இன்றைய கியர் மாற்றிகளும் அடிப்படையில் அப்படித்தான். அதை ஃபிரேமில் மாட்ட அவர் நிறுவனம் பயன்படுத்திய 10 மி.மீ. மரைத் துளையே பின்னாளில் உலக வழக்கமானது.

1983-ல், 81 வயதில் அவர் காலமானார்.

வளைந்தால் என்ன செய்வது?

அவர் காலத்து ஸ்டீல் ஃபிரேமில் ஹேங்கர் ஃபிரேமோடு ஒட்டியே இருக்கும். வளைந்தால் நிமிர்த்திக்கலாம். இன்றைய அலுமினிய, கார்பன் ஃபிரேம்களில் பெரும்பாலும் அது தனித் துண்டு. விழும்போது அது முதலில் வளைந்து, விலை உயர்ந்த ஃபிரேமைக் காப்பாத்தும்.

சரிபார்ப்பது இப்படி:

முதலில் பின்சக்கரம் நேரா உட்கார்ந்து, லிவர் இறுக்கமா இருக்கான்னு பாருங்க.

கியர் மாற்றியைக் கழற்றிட்டு, அந்தத் துளையில் அளவுக் கருவியைத் திருகுங்க.

ரிம்மில் ஒரே இடத்தை, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மேல், கீழ், முன், பின் என நான்கு திசையிலும் அளங்க. இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் மாறினால் ஹேங்கர் வளைந்திருக்கு.

கருவியாலேயே கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்துங்க. கியர் மாற்றியைப் பிடிச்சு இழுக்காதீங்க.

அலுமினியம் திரும்பத் திரும்ப வளைந்தால் உடையும். விரிசல் தெரிஞ்சா மாத்திடுங்க; ஃபிரேமுக்கு ஃபிரேம் மாடல் வேறுபடும் என்பதால் ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் பையில் வைப்பது நல்லது.

வளைந்த ஹேங்கரோடு புக்கிட் புத்துஸ் மாதிரி ஏற்றத்தில் கடைசிப் பல்சக்கரத்துக்கு மாத்தினா, கியர் மாற்றி சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கலாம். சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால், அடி உங்களுக்குத்தான். அதனால் விழுந்து எழுந்ததும், மறுபடி ஏறுறதுக்கு முன்னாடி, பின்னால் நின்று அந்தச் சின்னத் துண்டு நேரா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.