லுட்விக் பிராண்டில்

லுட்விக் பிராண்டில் (பெப்ரவரி 4, 1875 – ஆகஸ்ட் 15, 1953) ஜெர்மானியப் பொறியியலாளரும் பாய்ம இயக்கவியல் அறிஞரும் ஆவார். பாய்மங்களின் ஓட்டத்தில் கணக்கும் சோதனையும் முரண்பட்டதன் காரணத்தை எல்லைப் படலக் கருத்தின் மூலம் விளக்கினார்.

வாழ்க்கை

பவேரியாவின் பிரைசிங் நகரில் பிறந்து மியூனிக்கில் பயின்றார். ஆசிரியர் ஆகஸ்ட் ஃபோப்பிலின் மகளை 1909 இல் மணந்தார். பட்டம் பெற்றபின் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில், சீவல்களை உறிஞ்சி அகற்றும் கருவியைச் சீரமைத்தார். அதன் விரிந்து செல்லும் குழாயில் கணக்கின்படி உயர வேண்டிய அழுத்தம் உயரவில்லை. ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்திருந்தது. 1901 இல் ஹனோவரில் பேராசிரியரானார். 1904 முதல் இறக்கும்வரை கோட்டிங்கனில் வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது நாட்சி அரசின் விமான அமைச்சகத்தின் ஆய்வுத் தலைமைக் குழுவிலும் இருந்தார்.

எல்லைப் படலம்

பாகுநிலையற்ற பாய்மத்தில் சீராகச் செல்லும் பொருளுக்கு இழுவையே இல்லை என்பது தலம்பேரின் 18ஆம் நூற்றாண்டுக் கணக்கு. நடைமுறையில் அவ்வாறு இல்லை. பாகுநிலை எவ்வளவு குறைவாயினும் பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் அதனைப் புறக்கணிக்க இயலாது என்று 1904 இல் ஹைடெல்பர்க் கணித மாநாட்டில் பிராண்டில் காட்டினார். எதிரழுத்தத்தில் வேகமிழக்கும் அப்படலம் பரப்பை விட்டுப் பிரிவதே இழுவைக்கு முக்கியக் காரணம்.

கோளத்தின் இழுவை

1912 இல் கோபுரம் கட்டிய ஈபெல், கோளத்தின் இழுவைக் கெழுவை அளந்தார். கோட்டிங்கன் அளவு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. ஈபெல் கணக்கில் பிழை செய்திருப்பார் என்றே கோட்டிங்கனில் முதலில் கருதினர். அவரோ, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கெழு சட்டெனக் குறைவதைச் சோதனையால் நிறுவினார். 1914 இல் பிராண்டில் கோளத்தின் முன்பாதியில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தினார். கோட்டிங்கனிலும் இழுவை வீழ்ந்தது. கம்பியால் கொந்தளிப்பான படலம் வெளி ஓட்டத்திலிருந்து உந்தம் பெற்று, பரப்பை மேலும் சற்றுத் தொலைவு ஒட்டிச் செல்கிறது. பின்சுழல் பகுதி குறுகுகிறது. ஆக, இரு அளவீடுகளும் சரியே! கோல்ப் பந்தின் குழிகள் செய்வதும் இதே வேலைதான்.

கொந்தளிப்பு

1925 இல் கலப்பு நீளக் கருதுகோளை வெளியிட்டார். குழாய் ஓட்டத்துக்கு நன்கு பொருந்திய இது, பிரிந்த ஓட்டத்தில் பொய்த்தது. மேலிருந்து அடித்துவரப்படும் கொந்தளிப்பை இது கணக்கில் கொள்வதில்லை. 1945 இல் கொந்தளிப்பின் இயக்க ஆற்றலுக்குத் தனிச் சமன்பாடு தந்தார். அத்தகைய சமன்பாட்டைக் கொண்ட பிற்காலக் கணினி மாதிரியான கே-எப்சிலான், வளைந்த பரப்புகளில் ஓட்டப் பிரிவைச் சோதனையைவிடப் பெரும்பாலும் தாமதமாகவே காட்டுகிறது.