எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை

எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை (ஏப்ரல் 23, 1827 - பெப்ரவரி 3, 1900) இரட்சணிய யாத்திரிகம் என்னும் கிறித்தவக் காப்பியத்தை இயற்றிய தமிழ்ப் புலவர் ஆவார். கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படுகிறார்.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி பெற்றிருந்தார். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1858 இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார்.

1894 இல் வெளியான இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678 இல் ஆங்கில உரைநடையில் வெளியிட்ட உருவகக் கதையின் தழுவலாகும்; வெறும் மொழிபெயர்ப்பு அன்று. 5 பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. அழியவிருக்கும் ஊரை நீங்கும் ஆன்மா, பாவச்சுமையைச் சிலுவையருகே இழந்து, மரண ஆற்றைக் கடந்து விண்ணக நகரை அடைகிறது.

இந்நகரின் மூலம் விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டில் வரும் புதிய எருசலேம் ஆகும். அதற்கு முத்தாலான 12 வாயில்களும் பொன் வீதியும் உண்டு. கோயில் மட்டும் இல்லை, இறைவனே அங்குக் கோயில். வைகுந்தம் செல்லும் உயிர் விரசை ஆற்றைக் கடக்கும் என்பது வைணவக் கொள்கை. ஆதலால் ஆற்றுக்கு அப்பாலுள்ள பேரின்ப நகரம் கிருஷ்ணப் பிள்ளைக்கு அந்நியமான குறியீடு அன்று. கோயிலற்ற நகரமே புதிதாய் இருந்திருக்கும்.

இரட்சணிய மனோகரம், போற்றித் திருஅகவல் ஆகியனவும் இவர் இயற்றியவை.