சார்ல்ஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ்

சார்ல்ஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ் (பெப்ரவரி 12, 1871 - ஏப்ரல் 5, 1940) இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த கிறித்தவப் பாதிரியார், கல்வியாளர், சமூகத் தொண்டர் ஆவார். தீனபந்து (எளியோரின் உறவினர்) எனப் பரவலாக அழைக்கப்பட்டார். பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவுகளுக்கு மும்முறை பயணம் செய்தார். அங்கு நிலவிய இந்திய ஒப்பந்தக் கூலி முறை ஒழியப் பாடுபட்டவர்களுள் இவர் முக்கியமானவர்.

இளமையும் இந்திய வருகையும்

நியூகாசில் நகரில் பிறந்த ஆண்ட்ரூஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் பயின்றார். 1904இல் தில்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார். கோபால கிருஷ்ண கோகலேயின் வேண்டுகோளின்படி 1914இல் வில்லியம் பியர்சனுடன் தென்னாப்பிரிக்கா சென்று காந்தியைச் சந்தித்தார். பின்னர் தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றினார்.

பிஜிக்கான கடல்வழி

பிஜி 300க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்டது. விட்டி லெவு, வனுவா லெவு ஆகியன பெரிய தீவுகள். 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இங்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டனர். முதற் கப்பலான லியோனிடாஸ் கல்கத்தாவிலிருந்து சென்றது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். தமிழ், தெலுங்கு பேசுவோர் பெருமளவில் பிஜி சென்றது இவ்வழியே ஆகும். பாய்மரக் கப்பலில் இரண்டு மாதங்களுக்கு மேலும், நீராவிக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதமும் பயணம் நீடித்தது.

வந்திறங்கியோர் சுவா நகருக்கு அருகிலுள்ள நுக்குலாவு தீவில் சில நாட்கள் தனித்து வைக்கப்பட்டனர். பின்னர் வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றமாகும். ஒப்பந்தம் ஐந்தாண்டுகளே எனினும், இலவசமாக ஊர் திரும்பக் கப்பலேற மேலும் ஐந்தாண்டுகள் தீவிலேயே தங்க வேண்டும். இதனால் பலருக்கு இது திரும்பி வராத பயணமாயிற்று. அவர்களது நிலையை நேரில் கண்டு தாயகத்தில் எடுத்துரைப்போரும் மிகச் சிலரே.

பிஜிப் பயணங்கள்

1915இல் ஆண்ட்ரூஸும் பியர்சனும் ஆஸ்திரேலியா வழியாகப் பிஜி சென்றனர். சர்க்கரை ஆலைகளை நடத்திய நிறுவனத்தின் தலைமையகம் சிட்னியில் இருந்தது. இருவரும் தோட்டங்களுக்குச் சென்று, தொழிலாளர் தங்கியிருந்த நெருக்கமான குடியிருப்புகளைப் பார்வையிட்டனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் சேர்த்ததால் விளைந்த கேடுகளையும், மிகுந்திருந்த தற்கொலைகளையும் தமது அறிக்கையில் பதிவு செய்தனர். 1916இல் வெளியான இவ்வறிக்கை இந்தியாவில் பெரும் எதிர்ப்பலையை எழுப்பியது. அவ்வாண்டு மார்ச்சில் மதன் மோகன் மாளவியா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை அரசு கொள்கையளவில் ஏற்றது. 1917இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது.

எனினும் ஏற்கனவே சென்றவர்களின் ஒப்பந்தங்கள் நீடித்தன. எனவே ஆண்ட்ரூஸ் 1917இல் மீண்டும் பிஜி சென்றார். ஆஸ்திரேலியப் பெண்கள் அமைப்புகளின் ஆதரவையும் திரட்டினார். எஞ்சிய ஒப்பந்தங்கள் அனைத்தும் சனவரி 1, 1920 அன்று நீக்கப்பட்டன. இவரது மூன்றாம் பயணம் 1936இல் நிகழ்ந்தது.

பிற்காலமும் நினைவும்

1925, 1927 ஆகிய ஆண்டுகளில் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக இருந்தார். 1940இல் கல்கத்தாவில் காலமானார். 1971இல் இந்திய அரசு இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இதே காலத்தில் பாரதியாரும் பிஜிக் கரும்புத் தோட்டப் பெண்களின் துயரைப் பாடினார். பிஜிக் கப்பல்கள் புறப்பட்ட சென்னைத் துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வியாசர்பாடியை அடுத்துள்ள எம்.கே.பி. நகர் (மகாகவி பாரதி நகர்) அவர் பெயரைத் தாங்கியதாகும்.