அலைப்பலகையில் 8 உயிர்களைக் காப்பாற்றிய ஒலிம்பிக் சாம்பியன்: யார் இந்த டியூக் கஹானமோகு?

லைஃப் கார்டுகள் கையில் நீளமான ஒரு பலகை இருப்பதைப் படங்களிலாவது பார்த்திருப்பீங்க. அதில் படுத்தோ, முட்டி போட்டோ, கையால் நீரைத் தள்ளிப் போனால் பேடில்போர்டிங். எழுந்து நின்று அலையில் சறுக்கினால் சர்ஃபிங். இந்த விளையாட்டுப் பொருள் உயிர்காக்கும் கருவியாக மாறியதில் டியூக் கஹானமோகுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

'டியூக்' பட்டமா?

இல்லை, பெயரேதான். 1869-ல் எடின்பரோ டியூக்கான பிரிட்டிஷ் இளவரசர் ஹவாய்க்கு வந்தார். அப்போது பிறந்த இவருடைய அப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மகனுக்கும் அதுவே வந்தது.

1890-ல் ஹொனலுலுவில் பிறந்த டியூக், வைக்கீக்கி கடற்கரையில் வளர்ந்தார். அவருக்கு 8 வயதாவதற்குள் ஹவாய் அமெரிக்காவின் வசமாகிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் மங்கிப்போயிருந்த அலைச்சறுக்கு, இவரைப் போன்ற வைக்கீக்கி இளைஞர்களால்தான் மீண்டும் உயிர்பெற்றது.

நம்ப மறுத்த அதிகாரிகள்

1911-ல் ஹொனலுலு துறைமுகத்தில் 100 கஜ நீச்சல் போட்டி. டியூக் 55.4 விநாடியில் முடித்தார். அன்றைய உலக சாதனையைவிட 4.6 விநாடி குறைவு! அமெரிக்க விளையாட்டு அமைப்பு அப்போது அதை ஏற்கவில்லை.

பதில் ஒலிம்பிக்கில் வந்தது. 1912-ல் ஸ்டாக்ஹோமில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம். 1920-ல் ஆன்ட்வெர்ப்பில் அதே போட்டியிலும் ரிலேயிலும் தங்கம். 1924-ல் பாரிஸில் வெள்ளி. மொத்தம் 5 பதக்கங்கள்.

இடையில், 1914-15 கோடையில் ஆஸ்திரேலியா போனார். அங்கே கிடைத்த மரத்தில் பலகை செய்து, சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் சறுக்கிக் காட்டினார். அங்கே சர்ஃபிங் பரவ அது பெரிய காரணம். அந்தப் பலகை இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறது.

1925 ஜூன் 14-ல் என்ன நடந்தது?

கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச். ராட்சத அலைகளில் சிக்கி 'தெல்மா' என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. கரையில் இருந்த டியூக், பலகையோடு பாய்ந்தார்.

அந்தக் கடலில் வெறுமனே நீந்திப்போய் ஒருவரைத் தூக்கி வருவதே கஷ்டம். ஆனால், நீளமான பலகை மிதக்கும், தவிப்பவர்கள் பிடித்துக்கொள்ளலாம். டியூக் திரும்பத் திரும்பப் போய் 8 பேரை மீட்டார். உடனிருந்தவர்கள் 4 பேரை மீட்டார்கள். மற்றவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மீட்புப் பணிக்கு இப்படிப்பட்ட பலகை தேவை என்பது பலருக்கும் புரிந்தது.

புகழ் இருந்தது, பணம்?

அன்றைய அமெச்சூர் விதிப்படி, நீச்சலுக்குப் பணம் வாங்கினால் ஒலிம்பிக் வாய்ப்பு போய்விடும். ஹாலிவுட்டிலும் சின்னச் சின்ன வேடங்கள்தான் கிடைத்தன. உலகச் சாம்பியன் ஹொனலுலுவில் பெட்ரோல் பங்க்கிலும் வேலை பார்த்தார். 1930-களில் ஹொனலுலு ஷெரிஃப் தேர்தலில் வென்று, சுமார் கால் நூற்றாண்டு அந்தப் பதவியில் இருந்தார்.

1968 ஜனவரி 22-ல், 77 வயதில் இறந்தார். அஸ்தியை வைக்கீக்கி கடலிலேயே கரைத்தார்கள். இன்று அங்கே போனால், தன் நீளமான பலகைக்கு முன்னால் கைகளை விரித்து நிற்கும் டியூக் சிலையைப் பார்க்கலாம்.