சீகாழி முத்துத்தாண்டவர்

திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னரே, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் முப்பிரிவுடைய கீர்த்தனையைத் தமிழில் நிலைபெறச் செய்தவர் முத்துத்தாண்டவர். சம்பந்தர் பிறந்த சீகாழியே இவருக்கும் ஊர். காலம் 16ஆம் நூற்றாண்டு என்பர்.

இசைக்குடியிற் பிறந்தும் கொடுநோயால் குலத்தொழில் செய்ய இயலாது, கோயிலே கதியெனக் கிடந்தார். ஓரிரவு பசியால் மயங்கியவர்க்கு அம்பிகை சிறுமியாய் வந்து அமுதூட்டினாள். தில்லை சென்று, சந்நிதியில் முதலிற் செவிப்படும் சொல்லைத் தொடக்கமாகக் கொண்டு பாடுமாறு பணித்தாள். இது கர்ணபரம்பரை. அடியார் வாய்ச்சொல்லே முதலாக அமைந்தமையாற்போலும், எளியோர்க்கும் விளங்கும் நடை இவர்க்கு வாய்த்தது என யான் கருதுவதுண்டு.

இன்று எஞ்சியவை ஏறத்தாழ 60 கீர்த்தனைகளும் 25 பதங்களுமே. அவற்றுக்கும் அவர் அமைத்த மெட்டுக்கள் மறைந்தன. மேடைகளில் நாம் கேட்பவை பிற்காலத்து இசைவாணர் அமைத்தவை.

1500ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரிக்கெனத் தோத்திர இசையேடு ஒன்று எழுதப்பட்டது. அதிலிருந்த 93 உருப்படிகளுள் 64 முழுமையாகவோ குறையாகவோ எஞ்சின. அவ்வேட்டிற் கண்ட ஜான் பிரவுன் என்பாரின் வாழ்க்கை பற்றி அறியக்கிடப்பது மிகச் சிறிது. எனினும் இசைக்குறியீடு இருத்தலின் அவரிசையை இன்றும் பாடுகின்றனர். நம்மவர்க்கோ கதையுண்டு, சொல்லுண்டு, இசை போயிற்று.

வன்னியில் வாழும் எமக்கு இஃது அயலூர்ச் செய்தியன்று. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தாடும் அண்ணாவிமாரின் மெட்டுக்களும் செவிவழி வந்தனவே. என் மாணவர் அப்பாடல்களைக் கொப்பியில் எழுதுகின்றனர். மெட்டு அதில் அடங்காது. சுரம் எழுதவல்லார் முன்வருக. அல்லாதார் கைப்பேசியிலேனும் பதிவுசெய்க. பாடுவோர் முதியோர், காலம் காத்திராது.