ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் (ஆகஸ்ட் 23, 1842 – பெப்ரவரி 21, 1912) பாய்ம இயக்கவியலிலும் உயவியலிலும் அடிப்படையான ஆய்வுகளைச் செய்த பொறியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். பாய்ம ஓட்டத்தின் தன்மையைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண் இவர் பெயரால் வழங்குகிறது. எந்திரத் தாங்கிகளின் கணிப்புக்கு அடிப்படையான ரெனால்ட்ஸ் சமன்பாடும் இவருடையதே. ஆயினும் பாடநூல்களில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை.

வாழ்க்கை

ரெனால்ட்ஸ் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்து, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள டெடாம் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தையார் திருச்சபைக் குரு. வேளாண் கருவிகளுக்குக் காப்புரிமம் பெற்றவரும் கூட. ரெனால்ட்ஸ் 1861 இல் ஓர் எந்திரப் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கணிதம் அறியாமல் எந்திரங்களைப் புரிந்துகொள்ள இயலாது எனக் கண்டு கேம்பிரிட்ஜ் குயின்ஸ் கல்லூரியில் பயின்று 1867 இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 25 வயதில், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியின் பொறியியல் பேராசிரியரானார். அதே ஆண்டில் மணந்த மனைவி ஓராண்டுக்குள் இறந்தார். 1881 இல் மறுமணம் செய்துகொண்டார். பின்னாளில் எதிர்மின்னியைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் இவருடைய மாணவர். ஆனால் ரெனால்ட்சின் விரிவுரைகள் மாணவர் பின்தொடர்வதற்குக் கடினமானவை.

உயவு ஆய்வு

1883 இல் பீச்சம் டவர் என்பவர் தொடர்வண்டி அச்சுத் தாங்கிகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் துளையிட்டபோது, உள்ளிருந்து எண்ணெய் மேலே பொங்கியது. துளையை மரக்கட்டையால் அடைத்தார். கட்டை வெளியே தள்ளப்பட்டது. பின்னர் பொருத்திய அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலையும் தாண்டியது. தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமையோ 100 இறாத்தலே.

இதற்கான விளக்கத்தை ரெனால்ட்ஸ் 1886 இல் வெளியிட்டார். சுழல்தண்டு தாங்கியின் நடுவில் நில்லாமல் சற்று விலகி நிற்பதால், இடைவெளி ஆப்பு வடிவில் குறுகிச் செல்கிறது. சுழலும் தண்டு எண்ணெயை அந்த ஆப்பினுள் இழுத்துச் செல்கிறது. அங்கு எழும் அழுத்தமே சுமையைத் தாங்குகிறது. உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. படலத்தின் தடிப்பு, வேகம், பாகுநிலை ஆகியவற்றிலிருந்து இவ்வழுத்தத்தைக் கணிக்க உதவுவதே ரெனால்ட்ஸ் சமன்பாடு. வெப்பம் ஏறினால் எண்ணெயின் பாகுநிலை குறையும் என்பதால், ஆலிவ் எண்ணெயின் பாகுநிலையை இவரே அளந்தார்.

இச்சமன்பாடு எண்ணெய்க்கு மட்டும் உரியதன்று. காற்றில் எண்ணெய் கலக்கக் கூடாத தொழிலக அமுக்கிகளில் நீரால் உயவிடப்படும் தாங்கிகள் பயன்படுகின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வும் இங்கிருந்தே தொடங்குகிறது. நீரின் பாகுநிலை எந்திர எண்ணெயினதைவிடப் பன்மடங்கு குறைவு. ஆகையால் அதே சுமைக்குப் படலம் மிகவும் மெல்லியதாகிறது. தண்டு சிறிது கோணினாலும், பரப்பு கரடாக இருந்தாலும், தேய்மானம் ஏற்படும். மற்றொரு சிக்கலும் உண்டு: வேகமாகச் சுழலும் பெரிய தாங்கிகளில் நீர்ப்படலம் கொந்தளிப்பு ஓட்டமாக மாறக்கூடும். அப்போது 1886 இன் சமன்பாட்டைத் திருத்தியே பயன்படுத்த வேண்டும். அம்மாற்றம் எப்போது நிகழும் என்பதைச் சொல்லும் எண்ணும் இவருடையதே என்பது குறிப்பிடத்தக்கது. கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாய இழையைச் செலுத்தி, சீரான ஓட்டம் குலைவதை 1883 இல் இவர் காட்டினார். அக்கருவி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

பிற பணிகள்

பல கட்டங்களைக் கொண்ட விசையாழி எக்கிக்கு 1875 இல் காப்புரிமம் பெற்றார். 1877 இல் அரச கழக உறுப்பினரானார். 1888 இல் அரச பதக்கம் பெற்றார். ஈதர் முழுவதும் நுண்மணிகளால் ஆனது என்று 1903 இல் நூல் எழுதினார். பெரும் உழைப்பில் உருவான அக்கோட்பாடு அறிவியலில் நிலைபெறவில்லை. உடல்நலமும் மனத்திறனும் குன்றியதால் 1905 இல் ஓய்வு பெற்று, சாமர்செட்டிலுள்ள வாச்செட் என்னும் ஊரில் 1912 இல் காலமானார்.