மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

நம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் மாணவரை அனுப்பிவரும் ஊர்களுள் தேனியும் போடியும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களும் சிறப்பிடம் பெற்றவை. கூடலூர் முதல் சின்னமனூர் வரையில் பசிய கம்பளம் விரித்தாற்போலக் கிடக்கும் நெல்வயல்களைக் கண்டு மகிழாதார் இலர். மேற்கு நோக்கியோடிய பெரியாற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பிய கர்னல் பென்னிகுயிக்கின் பெயரை அப்பள்ளத்தாக்கில் அறியாத சிறுவனும் இல்லை. ஆயினும், அணை எழுவதற்கு முன்னரே ஓர் உடன்படிக்கை எழுந்தது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1886-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் இந்திய அரசும் கையெழுத்திட்ட அவ்வுடன்படிக்கையின்படி, ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றிற்கு ஐந்து ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டது. 1895-இல் அணை திறக்கப்பெற்றது. கல்லும் சுண்ணமும் நீரைத் தாங்கி நிற்பதுபோல, அவ்வேடு நீரின்மேலுள்ள உரிமையைத் தாங்கி நிற்கின்றது.

அயலரசோடு பேசி உடன்பாடு காண்பது அரண்மனைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. உழவனுடைய வாய்க்கால் வரையில் வந்து சேர்வது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆதலின், அத்தகைய பேச்சிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் மகாகனம் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார்.

சாஸ்திரியார் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வறிய வைதிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். காந்தியடிகளுக்குப் பத்து நாள் மூத்தவர். கும்பகோணத்திற் பயின்று பட்டம் பெற்றதும் மாயவரத்தில் உபாத்தியாயராக அமர்ந்தார். பின்னர்ச் சேலத்திற் பணியாற்றி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆங்கில மொழியில் ஒரு சொல்லின் ஒலிப்பும் பொருளும் வழுவுதலை அவர் பொறுப்பதில்லை. பிற்காலத்தில் உலக மன்றங்களிற் கேட்டோர் வியந்து வெள்ளி நாவினர் என்று பாராட்டிய சொல்வன்மை, பள்ளியறையில் இளஞ்சிறாருக்கு இலக்கணம் கற்பித்தபோதே முளைத்தது என்று கொள்ளலாம்.

1907-இல் அவர் அப்பதவியைத் துறந்து, கோபால கிருஷ்ண கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். குடும்பத்தை நடத்தச் சிறு தொகையே பெற்று, நாட்டுப் பணிக்கே வாழ்வை ஒப்படைப்பது அச்சங்கத்தாரின் விரதம். 1915-இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரைச் சார்ந்தது. சட்டத்தின் எல்லைக்குள் நின்று, வாதத்தாலும் இணக்கத்தாலும் உரிமை பெறவேண்டும் என்பது கோகலேயின் வழி. சாஸ்திரியார் அவ்வழியினின்றும் இறுதிவரை விலகினாரல்லர். இதனால் ஒத்துழையாமை இயக்கத்தில் அவர் காந்தியடிகளோடு மாறுபட நேர்ந்தது. எனினும் அவ்விருவரிடையே இருந்த அன்பு குன்றவில்லை.

1921-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம். அவ்வாண்டு இலண்டனில் நடந்த ஏகாதிபத்திய மகாநாட்டில் அவர் இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்தார். பிரிட்டிஷ் முடியின்கீழ் அடங்கிய குடியேற்ற நாடுகளில் முறையாகக் குடியேறி வாழும் இந்தியர்க்குக் குடியுரிமை வழங்குதல் வேண்டும் என்னும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா ஒன்றே அதற்கு இணங்க மறுத்தது. பிரிவி கவுன்சில் உறுப்பினராகி மகாகனம் என்னும் அடைமொழி பெற்றதும், ஜெனீவாவிற் கூடிய சர்வதேச சங்கத்தின் பேரவைக்குச் சென்றதும் அவ்வாண்டிலேயே.

அங்கிருந்து அவர் வாஷிங்டனுக்குச் சென்றார். முதல் உலகப்போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டபின்னும் வல்லரசுகள் போட்டியிட்டுப் போர்க்கப்பல் கட்டிவந்த காலம் அது. அப்போட்டியைத் தடுக்க 1921 நவம்பர் முதல் 1922 பிப்ரவரி வரையில் அங்கு ஒரு மகாநாடு நடைபெற்றது. பெரும் போர்க்கப்பல்களின் மொத்த எடையில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஐந்து பங்கும், ஜப்பான் மூன்று பங்கும், பிரான்சும் இத்தாலியும் ஒன்றேமுக்காற் பங்கும் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. தமக்கெனப் பெருங்கடற்படை ஒன்றும் இல்லாத இந்திய மக்களின் சார்பில் அவ்வுடன்படிக்கையிற் கையெழுத்திட்டவர், வலங்கைமானிற் பிறந்த இப்பள்ளி ஆசிரியரே.

அவ்வேற்பாடு பல ஆண்டுகள் கப்பற் போட்டியைத் தணித்தது. ஆனால் மூன்று பங்கு பெற்ற ஜப்பானின் கடற்படைத் தலைவர் பலர் அதனைத் தம் நாட்டிற்கு இழைத்த இழிவாகவே கருதிவந்தனர். 1934-இல் ஜப்பான் விலகுவதாக அறிவித்தது. 1936-இன் இறுதியில் உடன்படிக்கை ஒழிந்தது. 1941-இற் பசிபிக் கடல் போர்க்களமாயிற்று. குறைவாகப் பெற்றோம் என்று ஒருவன் மனம் கறுத்து நிற்கும்வரையில், எழுதிய எழுத்து மட்டும் அமைதியைக் காப்பதில்லை என்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

1922-இல் சாஸ்திரியார் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்து, அங்கு வாழும் இந்தியரின் உரிமைக்காகப் பேசினார். 1925-இல் ஆஸ்திரேலியா அங்குள்ள பிரிட்டிஷ் இந்தியர்க்குப் பொதுத் தேர்தலில் வாக்குரிமை அளித்தது. ஆனால் கென்யா நாட்டுச் செய்தியில் அவர் தோல்வியே கண்டார். 1923-இல் இலண்டன் சென்று வாதாடியும், அவ்வாண்டு வெளியான வெள்ளையறிக்கை மேட்டு நிலங்களை வெள்ளையர்க்கென்றே ஒதுக்கியது. பிரிட்டிஷ் நீதியில் நம்பிக்கை வைத்திருந்த சாஸ்திரியார் உளம் நொந்து, அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். நயமாகப் பேசுவோர் கடிந்து பேச அறியார் என்று நினைத்தல் தவறு.

அவருடைய பெரும்பணி தென்னாப்பிரிக்காவிலேயே நிகழ்ந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860 முதல் நேட்டாலுக்குச் சென்றோருட் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கருமாவர். அவர்தம் மக்களைத் தனி இடங்களில் ஒதுக்கிவைக்கும் மசோதா ஒன்று எழுந்தபோது, இரு நாட்டாரும் 1926 டிசம்பரிற் கேப்டவுனிற் கூடி வட்டமேஜை மகாநாடு நடத்தினர். சர் முகம்மது ஹபிபுல்லாவின் தலைமையிற் சென்ற இந்தியத் தூதுக்குழுவிற் சாஸ்திரியாரும் இருந்தார். 1927-இற் பிறந்த கேப்டவுன் உடன்படிக்கையால் அம்மசோதா கைவிடப்பட்டது. நாட்டிலேயே நிலைத்து வாழும் இந்தியரின் கல்வியையும் வாழ்க்கையையும் உயர்த்தப் பொறுப்பேற்பதாகவும் தென்னாப்பிரிக்க அரசு இசைந்தது. அதற்கு ஈடாக, தாமே விரும்பித் தாயகம் திரும்புவோர்க்குப் பொருளுதவி அளித்து அனுப்பும் திட்டத்திற்கு இந்திய அரசு உடன்பட்டது. இந்தியாவின் ஏஜெண்டு ஒருவர் அங்குத் தங்குவதென்றும் முடிவாயிற்று. காந்தியடிகளே வற்புறுத்தியதன்பேரில் சாஸ்திரியார் முதல் ஏஜெண்டாகச் சென்று, 1929-ஆம் ஆண்டின் தொடக்கம்வரை பணியாற்றினார்.

அவருக்குப் பின்னால் படையில்லை, கப்பலில்லை, தம் நாட்டிற்கு விடுதலையும் இல்லை. நாவும் நடத்தையுமே அவர்தம் படைக்கலங்கள். மதுவிற்பனைச் சட்டத்தில் இந்தியப் பணியாட்களின் பிழைப்பைப் பறிக்கவிருந்த விதியொன்றை, அமைச்சரோடும் உறுப்பினரோடும் பேசிப் பேசியே நீக்குவித்தார். இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெறவும் ஆசிரியப் பயிற்சி பெறவும் வசதி குறைந்திருந்த டர்பன் நகரில், அங்குள்ள இந்தியரிடமே பொருள் திரட்டிக் கல்லூரி எழுப்பினார். 1929-இல் திறக்கப்பெற்ற அது சாஸ்திரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1928-இற் கிளர்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் கும்பலொன்று புகுந்து குலைத்தது. அவர் அதற்கு அஞ்சித் தம் பணியை நிறுத்தவில்லை. சினந்து வன்சொல்லும் வழங்கவில்லை.

இவ்வாறெல்லாம் எழுதும் நாம், அவர்மீது எழுந்த குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. தாயகம் திரும்பும் திட்டம், விருப்பம் என்ற பெயரால் ஏழைகளை வெளியேற்றும் வழி என்று தென்னாப்பிரிக்க இந்தியருட் பலர் கசந்தனர். அவ்வாறு திரும்பியோருட் பலர் சென்னை மாகாணத்தில் வேலையின்றி அல்லலுற்றதும் உண்மையே. 1936-இன் இறுதியில் இந்திய அரசு அவரை மலாயாவுக்கு அனுப்பி, தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராயச் செய்தது. அவ்வறிக்கை முதலாளிகளிடம் மென்மை காட்டியது என்று அங்குள்ள இந்தியத் தலைவர்கள் குறை கூறினர். 1938-இல் இந்திய அரசு உதவியளித்துக் கூலிகளை அங்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. எதிர்த்தரப்பின் அச்சத்தை அறிந்து பேசும் தூதர்க்கு, தம் தரப்பின் வலியைக் குறைத்து மதிக்கும் பிழை நேர்தல் கூடும். இப்பிழை சாஸ்திரியாரையும் சிறிது தீண்டியது என்றே நாம் கருதுகின்றோம்.

1928-இல் தமக்கு வந்த சர் பட்டத்தை அவர் ஏற்க மறுத்தார்; 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார்; 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்கா இந்தியரை ஒதுக்கும் புதிய நிலச்சட்டம் இயற்றிக் கேப்டவுன் உடன்படிக்கையின் கருத்தைக் குழிதோண்டிப் புதைத்தது. இந்தியா அவ்வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்றது. இந்திய வெளிநாட்டுச் சேவையை அமைக்கும் முடிவு அவ்வாண்டு அக்டோபரில், அவர் மறைந்த ஆறாம் திங்களிற் செய்யப்பட்டது. சேவையென ஒன்று தோன்றுமுன்னரே அதன் பணியைத் தனியொருவராகப் பயின்று காட்டியவர் அவர். எல்லா இனத்தாரும் வாக்களித்த தேர்தல் தென்னாப்பிரிக்காவில் 1994-இலேயே நடந்தது. அவருடைய உடன்படிக்கை அழிந்தது. அவர் எழுப்பிய கல்லூரியிற் கற்றோர் பலர் அந்நீண்ட போராட்டத்திற் பங்குகொண்டனர்.

இனி, நாம் தொடங்கிய பெரியாற்றுக்கே மீள்வோம். 1886-இல் திருவிதாங்கூர் எளிய தரப்பு. பேரரசின் விருப்பத்தை நெடுங்காலம் மறுத்து நிற்க இயலாதது. 1970-இல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தப்பட்டது. பின்னர் அணையின் வலிமை குறித்து வழக்கெழுந்து, 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரையில் நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் இருபுறத்தும் அச்சம் தீர்ந்தபாடில்லை. அணைக்குக் கீழே மேற்கில் வாழ்வோர் வெள்ளத்தை அஞ்சுகின்றனர்; கிழக்கில் கம்பம் உழவர் வறட்சியை அஞ்சுகின்றனர். இரண்டும் மெய்யான அச்சங்களே.

நம் உரிமையை ஒரு விரற்கடையும் விடாது பேசுக. அவ்வாறு பேசும்போது எதிரே அமர்ந்திருப்போனின் அச்சத்தையும் அறிந்து பேசுக. இதுவே சாஸ்திரியாரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பயிலும் இளைஞருள் எவரேனும் ஒருநாள் அத்தகைய மேசையொன்றில் அமர நேரின், இவ்வாசிரியரை நினைவிற் கொள்வாராக.